பிள்ளைகளை எழுதவைக்கிற வேலை

(சங்கத்தின் கூடுகையில் பேசியது. மலருக்காகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன். பேச்சு நடை அப்படியே இருக்கட்டும் என்று பதிப்புக் குழுவினர் சொன்னதால் திருத்தவில்லை.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, இருபது நிமிஷம், எழுத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார். நான் எழுத்தாளன் இல்லை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு வருஷம் தமிழ் நடத்தினவன். அந்தப் பிள்ளைகளைச் சொந்தமாக நாலு வரி எழுதவைக்க என்னென்ன செய்தோம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இங்கே பி.எட். போகப்போகிறவர்கள் இருப்பீர்கள், வீட்டில் அந்த வயசுப் பிள்ளையோ பேரனோ பேத்தியோ உள்ளவர்களும் இருப்பீர்கள். அவர்களுக்குப் பயன்படும்.

ஏன் குறிப்பாக அந்த மூன்று வகுப்புகள்? ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகள் வாய் ஓயாமல் கதை சொல்லுகிறார்கள். எழுத்துப்பிழை இருக்கும், ஆனால் கதை இருக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது பார்த்தால் பிழை குறைந்திருக்கும், கதையையும் காணோம். நடுவில் எங்கேயோ அது கைநழுவிப் போகிறது. எனக்குத் தெரிந்து அது கட்டுரை நோட்டில்தான் போகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, இடதுபக்கம் உள்தலைப்பு, கீழே அடிக்கோடு. 'மழை' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன் என்றால் நாற்பது நோட்டிலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "மழை மனித வாழ்வுக்கு இன்றியமையாதது." இந்த 'இன்றியமையாதது' என்ற சொல்லை எந்தப் பிள்ளையாவது வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? "அம்மா, எனக்கு இன்னொரு தோசை இன்றியமையாதது" என்று?

கட்டுரை எழுதும் முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. பரீட்சைக்கு வேண்டும். மனு எழுத வேண்டும், கடிதம் எழுத வேண்டும், அதற்கெல்லாம் ஒழுங்கு தேவை. ஆனால் அதை மட்டுமே எழுத்து என்று ஒரு பிள்ளை மூன்று வருஷம் நம்பிவிட்டால், அப்புறம் மீட்பது கஷ்டம்.

முதலில் நாங்கள் செய்தது, சொல்லைப் பறிப்பது. நேற்றுச் சாயங்காலம் பெய்த மழையைப் பற்றி எழுத வேண்டும். ஆனால் மழை, நீர், வானம், மேகம் இந்த நாலு சொல்லும் வரக்கூடாது. வந்தால் அவுட். முதல் பத்து நிமிஷம் வகுப்பில் ஒரே புலம்பல். "சார், எப்படி சார்?" அப்புறம் மெதுவாக ஒருத்தன் குனிந்து எழுத ஆரம்பிப்பான். ஒரு பெண்பிள்ளை எழுதியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அம்மா மொட்டைமாடிக்கு ஓடி வடகத்தை அள்ளினாங்க. பக்கத்து வீட்டு அத்தை அவங்க துணியோட எங்க துணியையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு நாள் எங்க அப்பா சட்டை அவங்க வீட்டிலேயே இருந்துச்சு. மூணாவது நாள் அத்தை இஸ்திரி போட்டுக் கொண்டாந்து குடுத்தாங்க." அவ்வளவுதான். மழை என்ற சொல்லே இல்லை. படிக்கிற நமக்கு நனைந்த மாதிரி இருக்கிறது. 'இன்றியமையாதது' எழுதின அதே கைதான் இதையும் எழுதியது.

ஏன் இது வேலை செய்கிறது என்று யோசித்திருக்கிறேன். பொதுவான சொல்லை எடுத்துவிட்டால் பிள்ளைக்குத் தான் பார்த்ததைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. 'சந்தோஷம்' என்று சொல்லாமல் சந்தோஷமாக இருந்த ஒரு ஆளை எழுது, 'பயம்' என்று சொல்லாமல் பயந்த கதையை எழுது என்று இதையே பலவிதமாக மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது விடுகதை. இது நம்முடைய சொத்து. தொல்காப்பியம் செய்யுளியலில் ஏழு வகை யாப்பைச் சொல்லும்போது பாட்டு, உரை என்பவற்றோடு சரிசமமாகப் 'பிசி'யையும் உட்காரவைக்கிறது. பிசி என்றால் விடுகதைதான். ஒரு பொருளை அதன் பெயர் சொல்லாமல் வேறொன்றாகக் காட்டுவது. உருவகம் என்று இலக்கணப் புத்தகத்தில் இலக்கணம் சொல்லி உதாரணம் எழுதவைத்தால் ஒரு வாரம் ஆகும். விடுகதை கட்டச் சொன்னால் ஒரே பீரியடில் முடிந்துவிடும். முதலில் வீட்டில் ஆச்சியிடம் கேட்டு இரண்டு விடுகதை கொண்டுவரச் சொல்லுவோம். அதைச் சொல்லி முடித்ததும், "இனிமே பழசு செல்லாது, நீயே கட்டு, ஆச்சி காலத்தில் இல்லாத பொருளுக்குக் கட்டு" என்போம்.

ஒரு பையன் கட்டினது: "மூணு காலு மாடு, பத்துப் பேரை முழுங்கும், ஊரு வந்தா ஒவ்வொருத்தரா துப்பும்." ஷேர் ஆட்டோ! இன்னொருத்தன், "எங்க வீட்ல எல்லாருக்கும் முன்னாடி எந்திரிக்கும், ஒரு நாளும் பல்லு தேய்க்காது" என்று சேவலுக்குக் கட்டினான். உடனே வகுப்பு எழுந்துவிட்டது. "சார், அதுக்குப் பல்லே இல்லையே, செல்லாது சார்!" கால் மணி நேரம் விவாதம். பல் இல்லாததால்தான் அது விடுகதை என்று ஒரு கட்சி. பொய் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு கட்சி. நான் வாயே திறக்கவில்லை. நாம் எம்.ஏ. வகுப்பில் இலக்கியத் திறனாய்வு என்று படித்ததைப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் சண்டை போட்டே செய்துகொண்டிருந்தார்கள்.

இதற்கு மேலே போக சங்கப் புலவர்களைக் கூப்பிட்டுக்கொண்டேன். உங்களுக்குத் தெரியும், சில புலவர்களின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் அவர்கள் பாட்டில் வந்த உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள். இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு என்று நெஞ்சுக்கும் அறிவுக்கும் நடுவில் கிடந்து தவிப்பதைச் சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் ஆடுவதைத் தனிமைக்கு உவமை சொன்னவர் அணிலாடு முன்றிலார். ஈரம் காய்வதற்குள் உழுது முடிக்க வேண்டுமே என்று பதறுகிற, ஒரே ஒரு ஏர் வைத்திருக்கிற விவசாயியைச் சொன்னவர் ஓரேருழவனார். ஒரே ஒரு உவமை, இரண்டாயிரம் வருஷமாக அதுவே பெயர்.

இதைச் சொல்லிவிட்டு, "உன் உவமையைக் கொண்டு வா, நானும் உனக்குப் பேர் வைக்கிறேன்" என்றால் போதும். பிள்ளைகளுக்குப் பட்டப்பேர் என்றால் உயிர். அதை வாத்தியாரே வைக்கிறார் என்றால் கேட்கவா வேண்டும்? ஒரே ஒரு நிபந்தனை: பூப்போல முகம், முத்துப்போல பல், மான்போல ஓட்டம் எல்லாம் ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டன, கடையில் இல்லை. ரிசல்ட் வந்த அன்று அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்ததை "கரண்டு போன ரைஸ்மில் மாதிரி" என்று எழுதினான் ஒருத்தன். அவன் வீடு மில்லுக்குப் பக்கத்தில். அந்தச் சத்தம் திடீரென்று நின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். அன்றிலிருந்து அவன் 'கரண்டுபோன மில்லார்'. இப்போது அவனுக்கு இரண்டு குழந்தைகள். ஊரில் பார்த்தால் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

வெளியூர்ச் சரக்கும் கொஞ்சம் வாங்கியிருக்கிறோம். இத்தாலியில் ஜான்னி ரோடாரி என்று ஒரு குழந்தை எழுத்தாளர். 1970இல் ஆண்டர்சன் விருது பெற்றவர். 1973இல் கற்பனைக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்று ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொல்லும் வித்தை எளிமையானது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை எடுத்துக்கொள். நாய், அலமாரி. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே கதை கிளம்பிவிடும். நாயும் எலும்பும் என்றால் கிளம்பாது. அது தினமும் நடப்பது. தூரம் இருக்க வேண்டும். இரண்டு சொல்லையும் இணைக்க இத்தாலிய மொழியின் சிறுசொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார் அவர். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மிடம்தான் வேற்றுமை உருபு இருக்கிறதே! ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒப்பிக்கிறதே, அதுதான் கதை செய்கிற எந்திரம்.

ஆடு, ஏடிஎம் என்று இரண்டு சீட்டு வந்தது ஒரு நாள். ஏடிஎம்முக்குள் ஆடு. ஆட்டுக்கு ஏடிஎம். ஆட்டின் ஏடிஎம். ஆட்டால் ஏடிஎம். கரும்பலகையில் வரிசையாக எழுதினோம். ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதை. ஒரு குழு 'ஏடிஎம்முக்குள் ஆடு' எடுத்துக்கொண்டது. வெயிலுக்கு ஏசி காற்று வாங்க உள்ளே போன ஆடு, கீழே கிடந்த சீட்டையெல்லாம் தின்கிறது. அன்றிலிருந்து ஊரில் யார் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஆட்டுக்குத்தான் தெரியும். வட்டிக்கு விடுகிறவர், கல்யாணப் பேச்சுக்கு வந்தவர், எல்லாரும் ரகசியமாகத் தழையை எடுத்துக்கொண்டு ஆட்டைப் பார்க்கப் போகிறார்கள். இதில் நான் சொல்லிக்கொடுத்தது வேற்றுமை உருபு மட்டும்தான். அதுவும் பரீட்சைக்கு உதவியது.

அமெரிக்காவில் கென்னத் கோக் என்ற கவிஞர் 1968இல் நியூயார்க்கின் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக்கொடுத்தார். 1970இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி ஆரம்பிக்க வேண்டும் என்பார்: 'எனக்கு ஆசை...' என்று, அல்லது 'முன்பு நான்... இப்போது நான்...' என்று. எதுகைக்காக அலையாதே என்றும் சொல்லிவிட்டார். முதல் பாதி நமக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டாவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. மோனை நம் பிள்ளைகள் வாயில் தானாக வருகிறது, விளையாட்டில் பட்டு கட்டும்போதே வருகிறது. தேடிப் போகாதே, வந்தால் விரட்டாதே என்று நான் சொல்லுவேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எழுத ஆரம்பிக்க. ஆரம்பிப்பது சுலபம், சார். எழுதினதைத் திருத்தி எழுதவைப்பதுதான் பிராணன் போகிற வேலை. "முடிச்சிட்டேன் சார்" என்று நோட்டை மூடிவிட்டால் மறுபடி திறக்கமாட்டான். இதற்கு எனக்குக் கைகொடுத்தது இன்னொரு இத்தாலியப் பள்ளி. பார்பியானா என்று மலைமேல் ஒரு குக்கிராமம். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பரீட்சையில் ஃபெயிலாக்கி வெளியே தள்ளப்பட்ட பிள்ளைகள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்கு எழுதும் கடிதமாக ஒரு புத்தகமே எழுதினார்கள். 1967இல் வெளிவந்து உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அவர்கள் எழுதின முறையை அந்தப் புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒரு சீட்டில் ஒரே ஒரு எண்ணம். எல்லாச் சீட்டையும் மேஜைமேல் கொட்டி, ஒரே விஷயத்தைச் சொல்லும் சீட்டுகளை ஒன்றாக்கி, வரிசைப்படுத்தி, வேண்டாத சொல்லை ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் வெளியாள் ஒருவரிடம் படித்துக்காட்டுவது.

நாங்கள் பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தைக் கிழித்துச் சீட்டு செய்தோம். 'எங்க ஊர்ச் சந்தை' என்று தலைப்பு. அந்த வகுப்பில் ஒரு பையன், ஏழாம் வகுப்பு, ஒரு பாரா முழுசாக எழுதி நான் பார்த்ததில்லை. கரும்பலகையில் இருப்பதை அழகாக வரைகிற மாதிரி நோட்டில் இறக்குவான். தானாக எழுதச் சொன்னால் பேனா நகராது. அன்று இரண்டே சீட்டுதான் எழுதினான். ஒன்றில், "தக்காளி மூட்டை எறக்குனா தோள்ல ஈரம்." இன்னொன்றில், "வெங்காய மூட்டை எறக்குனா முள்ளு மாதிரி." அவன் அப்பா சந்தையில் சுமை தூக்குகிறவர், லீவு நாளில் அவனும் கூடப் போவான் என்று அதற்கப்புறம்தான் எனக்குத் தெரியும். சீட்டுகளை வரிசைப்படுத்தும்போது நன்றாக எழுதுகிற ஒரு பெண்பிள்ளையே சொன்னாள்: "சார், இவன் சீட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும். நாங்கள்லாம் வாங்கப் போனவங்க, இவன்தான் உள்ள இருந்தவன்." நாற்பது பேர் சேர்ந்து எழுதின அந்தக் கட்டுரையின் முதல் இரண்டு வரி அவனுடையது. அதற்கு மேல் அவன் பெரிய எழுத்தாளன் ஆகிவிட்டானா என்றால், இல்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பக்கம் வரை எழுதினான். அது போதும் எனக்கு.

சிவப்பு மை பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை முதன்முதலாகத் தன் வீட்டைப் பற்றி எழுதிக் கொண்டுவருகிறது. நாம் 'ர'வுக்கு 'ற' போட்டதற்குப் பதினெட்டு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். அடுத்த தடவை அது பிழை வராத சொல்லை மட்டும் எழுதும். அதாவது, கட்டுரை நோட்டுச் சொல்லை. அதனால் முதல் வாசிப்பில் பேனாவையே மூடிவைத்துவிடுவேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன்: "அத்தை என்ன சொல்லிச் சட்டையைக் குடுத்தாங்க?" பிழை திருத்தம் இரண்டாவது வாசிப்பில், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு வகை. இந்த வாரம் ல, ள, ழ மட்டும். அடுத்த வாரம் ஒற்று.

பேச்சுமொழிக்கும் வட்டம் போடுவதில்லை. மேற்கோள் குறிக்குள் ஆச்சி பேசினால் ஆச்சி மாதிரியே பேசட்டும். கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள். கரிசல்காட்டுப் பேச்சு வாசம் வீசுகிற எழுத்துக்கு டெல்லியில் பரிசு. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஆச்சிக்கு மட்டும் சிவப்பு வட்டமா?

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். உண்மையை எழுது என்று சொன்னால் பிள்ளைகள் உண்மையை எழுதிவிடுகிறார்கள். குடித்துவிட்டு வந்த அப்பா, பாதி ராத்திரியில் பாட்டி வீட்டுக்கு நடந்தது, கடன்காரன் வாசலில் நின்றது. இதையெல்லாம் வகுப்பில் படித்துக் கைதட்டு வாங்குவதற்கு நமக்கு உரிமை கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பக்கத்தை மடித்து வைத்தால் நான்கூடப் படிக்கமாட்டேன். எழுதினதற்கு ஒரு டிக் மட்டும். ஒரு மூலை மடித்தால் நான் மட்டும் படிப்பேன். மடிக்காவிட்டால் வகுப்புக்கு. ஆனால் முதல் நாளே இன்னொன்றையும் சொல்லிவிடுவேன்: "உன்னை யாராவது அடிச்சாங்க, தொட்டாங்க, உனக்கு ஆபத்துன்னு நான் படிச்சா, அதை எனக்குள்ளேயே வச்சுக்க மாட்டேன். உதவிக்கு ஆளைக் கூப்பிடுவேன்." 1098 என்ற எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் வருஷம் முழுக்க அழிக்காமல் வைத்திருந்தோம். ஆசிரியராகப் போகிற தம்பி தங்கைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதவைக்கிற வித்தையைக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் இதற்குத் தயாராக இருங்கள்.

வகுப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினோம். நம் காலத்தில் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வெளியே சுவர்ப் பத்திரிகை ஒட்டுவோமே, இட்லியைப் பற்றிய கவிதை வந்த அன்று மத்தியானமே யாரோ கிழித்துவிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரிதான். ஆறு மாதத்துக்கு ஒன்று. ஒரே பிரதி, வீடு வீடாகச் சுற்றும்.

ஏழாவது இதழுக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தண்ணீர் வராத ஒரு குழாய் தன் கதையைத் தானே சொல்வதுபோல எழுதினாள். "என்னைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்று போகும். பெண்பிள்ளைகள் கழிப்பறைக் குழாய். ஒரு மாதமாகத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். அப்போது நான் இருந்த பள்ளியின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "இந்தப் பக்கம் வெளியே போகக்கூடாது, பள்ளிக்கூடத்தோட பேரு கெட்டுடும்" என்றார். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். பக்கத்தை எடுத்தாகத்தான் வேண்டும் என்றார். எடுத்தோம். அந்த இடத்தில் வெள்ளைத்தாள் வைத்துத் தைத்தோம். 14 என்று பக்க எண் மட்டும் போட்டோம். பத்திரிகை வீடு வீடாகப் போனது. அந்த மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "பதினாலாம் பக்கத்துல ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டுவிட்டார். அப்புறம் மூன்று வாரத்தில் குழாய் சரியானது.

ஆனால் அந்தப் பெண் அடுத்த இதழுக்கு எழுதவில்லை. கேட்டேன். "நான் எழுதுனத எடுத்துட்டாங்கல்ல சார்" என்றாள். குழாயில் தண்ணீர் வந்தது அவளுக்குச் சமாதானமாக இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவள் இப்போது எழுதுகிறாளா என்று எனக்குத் தெரியாது. இந்த வேலையில் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது அதுதான்.

இன்றைக்குப் பிள்ளைகள் கையில் போன் வந்துவிட்டது. 'மழை பற்றி ஒரு பக்கக் கட்டுரை' என்று கேட்டால் அரை நிமிஷத்தில் கொண்டுவந்து தருகிறது. படித்துப் பார்த்தேன், அதே 'இன்றியமையாதது'. அதை நினைத்து எனக்கு ஒன்றும் பயம் இல்லை. வகுப்பிலேயே, பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்க, சீட்டில் எழுதவைத்தால் போன் அங்கே வராது. வீட்டுப்பாடமாகக் கட்டுரை கொடுப்பதைத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். நான் அதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

பள்ளிக் கல்வித்துறை 2022இல் பிள்ளைகளுக்கென்றே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்கள் கொண்டுவந்தது. பிள்ளைகளின் படைப்புகளுக்கும் அதில் இடம் இருந்தது. அச்சில் தன் பெயரைப் பார்த்த பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நல்லது. ஆனால் அச்சில் நாலு பேருக்குத்தான் இடம். மீதி முப்பத்தாறு பேருக்குக் கையெழுத்துப் பத்திரிகைதான்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் சங்கத்திலிருந்து பள்ளிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று காலையில் பொதுக்குழுவில் பேசினார்கள். கம்ப்யூட்டர், பீரோ என்றெல்லாம் பட்டியல் வந்தது. நான் கேட்பது சின்னது. பக்கத்திலுள்ள நாலு நடுநிலைப் பள்ளிகளுக்கு வெள்ளைத்தாள், கலர் பென்சில், தைக்க ஊசி நூல். அதோடு, இங்கே படிக்கிற தமிழ்த்துறை மாணவர்களில் பள்ளிக்கு இரண்டு பேர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பார்பியானாவில் சொன்னார்களே, கடைசியில் ஒரு வெளியாளிடம் படித்துக்காட்ட வேண்டும் என்று, அந்த வெளியாளாகப் போய் உட்கார்ந்தால் போதும். பாடம் நடத்த வேண்டாம். பிள்ளை படிக்கும்போது கேட்டுவிட்டு, புரியாத இடத்தில் "இது எனக்குப் புரியலையே" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் நோட்டு இருக்கிறது.

கையெழுத்துப் பத்திரிகைகளில் பதினோரு இதழ் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. கொண்டுவந்திருக்கிறேன். நூலகத்துக்கு எதிர் வராந்தாவில் மேஜைமேல் மூன்று மணி வரைக்கும் இருக்கும், சாப்பாடு முடிந்ததும் பாருங்கள். பிள்ளைகள் பெயர் இருப்பதால் போட்டோ மட்டும் எடுக்க வேண்டாம். கையைத் துடைத்துக்கொண்டு புரட்டுங்கள். இன்றைக்குப் பாயசம் என்று சொன்னார்கள்.